நெற்றியில் ஒரு திருத்தம்

படத்தின் முன்னால் நின்ற பேச்சியம்மாள் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

பொட்டு இருந்தது.

படத்தில் இல்லை.

அவன் இரண்டடி தள்ளி நின்றான். படம் எடுத்தவன். சந்தையில் கறிவேப்பிலை விற்றுக்கொண்டிருந்தவளை எடுத்து, கருப்பு வெள்ளையாக்கி, கணினி முன்னால் பதினோரு நாள் பொறுமையாக உட்கார்ந்து ஒவ்வொரு சுருக்கத்துக்கும் தனித்தனியாக நிழல் கொடுத்தவன். முதல் பரிசு. அந்தப் பெருமையில்தான் அவளையும் அவள் புருஷனையும் கண்காட்சிக்குக் கார் அனுப்பி வரவழைத்திருந்தான்.

வரவழைக்காமல் இருந்திருக்கலாம்.

கருப்பு வெள்ளையில் எந்த நிறம் எவ்வளவு வெளுக்க வேண்டும் என்பது நம் கையில்தான் இருக்கிறது. சிவப்பைக் கூட்டினால் முகம் தெளியும். கூட்டினான். முகம் தெளிந்தது. குங்குமமும் தோலோடு தோலாகிப் போனது.

ஐயோ என்றுதான் முதலில் நினைத்தான்.

திரும்பப் பார்த்தால், அந்த முகத்தில் அதுவரை இல்லாத ஒரு துக்கம். அடடா, என்ன படம்! அப்படியே விட்டுவிட்டான். 'தனிமை' என்று பெயரும் வைத்தான்.

தெரியாமல் செய்யவில்லை. அந்த வெட்கம்தான் இப்போது பிடுங்கித் தின்றது.

"இவுக இந்தா குத்துக்கல்லாட்டம் நிக்காவளே, தம்பி" என்றாள் அவள்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மஞ்சள் பையோடு நின்ற புருஷன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தார். "மொகம் நல்லாத்தாம்ட்டி விழுந்திருக்கு."

அவள் தன் நெற்றிக் குங்குமத்தை விரலால் தொட்டாள். படத்தின் கண்ணாடிமேல், இருக்க வேண்டிய இடத்தில் வைத்து அழுத்தினாள்.

பிறகு இருவரும் விழா அரங்குக்குள் போனார்கள்.

அத்தனை கருப்பு வெள்ளைக்கு நடுவே ஒரே ஒரு சிவப்பு.

நடுவர்கள் படியேறி வரும் சத்தம் கேட்டது.

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். வலது கட்டைவிரலால் துடைத்தான். கண்ணாடி சுத்தமாகிவிட்டது. விரல் ஆகவில்லை. கால்சட்டையில் தேய்த்துப் பார்த்தான். கைக்குட்டையில் தேய்த்தான். போகவில்லை.

மேடையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

வலது கையை இறுக மூடி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். இடது கையை நீட்டிப் பரிசை வாங்கினான்.

கொடுத்தவர் முகம் சுருங்கியது. கைதட்டல் பாதியில் நின்றது.

மூன்றாவது வரிசையில் பேச்சியம்மாள் மட்டும் தட்டிக்கொண்டிருந்தாள்.