ஸ்கேன் ரூமில் ஓர் அலறல்

“அரைஞாணை அவுத்துட்டு நிக்கிறதா? அதுக்கு வேற ஆளப் பாரும்மா!”

ராசப்பன் போட்ட சத்தத்தில், புத்தூர் ஸ்கேன் சென்டரில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மனைவி செல்லக்கிளிக்கு மானம் போயிற்று.

“எல்லாரும் கழட்டித்தாங்க ஐயா ஆகணும். உள்ள இருக்கிறது காந்த மெஷின். மோதிரம், தாயத்து, வெள்ளிக்கொடி எதுவுமே கூடாது,” என்றாள் வரவேற்பு மேசையில் இருந்த ரஞ்சனி.

“மீசை முளைக்கிறதுக்கு முந்தியே இடுப்புல ஏறினது. வெறும் இடுப்போட நிக்கச் சொல்றியா?”

இப்படி ஏதாவது வரும் என்று செல்லக்கிளிக்குத் தெரியும். பையிலிருந்து கறுப்புக் கயிற்றை எடுத்து நீட்டினாள்.

“ஸ்ரீரங்கத்துல மக வீட்டுலேர்ந்து கிளம்பறப்பவே வாங்கிட்டேன். இதைக் கட்டிக்கிட்டு அதை அவுத்துக் கொடுங்க.”

ராசப்பன் முறைத்தார். ஆனாலும் கட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரி அங்கியையும் மாட்டிக்கொண்டார்.

மூன்று மாதமாக ஒன்றுக்குப் போவதில் தொந்தரவு. ரத்தத்தைச் சோதித்த டாக்டர், “புராஸ்டேட் சுரப்பியில சந்தேகமா இருக்கு. புற்றுநோயாவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எம்.ஆர்.ஐ. படம் எடுத்தாத்தான், ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்கணுமா, எந்த இடத்துல எடுக்கணும்னு தெரியும். தள்ளிப் போடாதீங்க,” என்று சொல்லிவிட்டார்.

மகளிடமும் மருமகனிடமும் முழங்கால் வலி என்று சொல்லி வைத்திருந்தார் ராசப்பன். மருமகன் தைலம் வேறு வாங்கிக் கொடுத்தார். அதை ராசப்பன் தினமும் தேய்த்துக்கொள்ளவும் செய்தார்.

போன வாரமே இங்கே வந்தாயிற்று. குழாய் மாதிரி இருந்த மெஷினைப் பார்த்ததுதான் தாமதம், மனுஷர் ஆஸ்பத்திரி அங்கியோடு நால்ரோடு வரைக்கும் ஓடிவிட்டார். முதுகுப் பக்க முடிச்சு அவிழ்ந்ததுகூடத் தெரியவில்லை. செல்லக்கிளி வேட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

இன்றைக்கும் ஓடினால்? அவள் மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். ‘மதுரகாளி, இந்த மனுஷனை எப்படியாவது உள்ள தள்ளிவிடு தாயே.’

அப்போதுதான் ஸ்கேன் ரூமுக்குள்ளிருந்து அந்த அலறல் கேட்டது.

“ஐயோ! என்னால முடியாது! என்னை விட்டுடுங்க!”

கதவு திறந்தது. அறுபது வயதிருக்கும். முறுக்கு மீசை. அதே அங்கி. வெளியே வந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதார்.

ராசப்பனின் முகம் வெளுத்தது. கால் தன்னால் செருப்பைத் தேடியது.

செல்லக்கிளிக்கு ஆத்திரம் பொங்கிற்று. நேரம் பார்த்து வந்து சேர்ந்தானே பாவி!

“ஏன்யா, மீசையைப் பாரு மீசையை! அழறதுன்னா வெளியில போய் அழக் கூடாதா? உட்கார்ந்திருக்கிறவங்களையும் கெடுக்கணுமா?”

மீசைக்காரர் மூக்கைச் சிந்திக்கொண்டு ராசப்பனை ஏற இறங்கப் பார்த்தார்.

“இவரா அடுத்த ஆளு? வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடும்மா. மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது. எந்த ஊரு?”

“தொட்டியம்,” என்றார் ராசப்பன்.

“அதான பார்த்தேன்! லால்குடிக்காரன் நானே முடியாம வந்துட்டேன். தொட்டியத்துக்காரராவது, உள்ள போறதாவது!”

“என்னய்யா சொன்ன?”

“உங்க ஊரு வாழைத்தோப்புல முட்டுக் கொடுக்கிறது இல்லைங்க இது. தைரியம் வேணும்.”

ராசப்பன் எழுந்துவிட்டார். காது மடல் சிவந்திருந்தது.

“ஏம்மா ரஞ்சனி! கதவைத் திற. இந்த லால்குடியானை இங்கேயே உட்கார வை. நான் வர்ற வரைக்கும் எங்கேயும் விடாத!”

கதவு சாத்திக்கொண்டது.

முக்கால் மணி நேரம். உள்ளே தடதடவென்று சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் செல்லக்கிளி தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கதவு எப்போது திறக்கும், எப்போது துரத்திக்கொண்டு ஓடவேண்டியிருக்கும் என்று வேட்டியையும் மடியில் தயாராக வைத்திருந்தாள்.

திறந்தது. ராசப்பன் நடந்துதான் வந்தார். அவரைப் பார்த்ததும் மீசைக்காரர் எழுந்து உடை மாற்றும் அறைக்குள் போய்விட்டார்.

“இதுக்கா அந்த அழுகை? காதுகிட்ட போர்வெல் போடற மாதிரி சத்தம். அவ்வளவுதான். நடுவுல ஒரு தூக்கமே போட்டேன்!”

வேட்டியை உள்புறம் வெளியே தெரியக் கட்டிக்கொண்டார். செல்லக்கிளி அதைப் பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள்.

“படம் தெளிவா வந்திருக்குங்கம்மா. சாயங்காலம் ரிப்போர்ட்டை வாங்கிட்டு டாக்டரைப் பாருங்க,” என்று சொல்லிவிட்டு ரஞ்சனி உள்ளே போனாள்.

என்னவோ ஏதோ, இனி கண்ணுக்குத் தெரிந்துவிடும். செல்லக்கிளிக்குப் பாதி உயிர் திரும்பியது. திரும்பியதும், அந்த மீசைக்காரரை நினைத்துச் சங்கடமாக இருந்தது. பாவம், அவருக்கும் இதே மாதிரி வியாதியோ என்னவோ? என்ன பேச்சுப் பேசிவிட்டோம்!

ராசப்பனை உட்கார வைத்துவிட்டு ஒரு டீ வாங்கி வந்தாள். நாலு வார்த்தை தைரியம் சொல்லலாம் என்று உடை மாற்றும் அறைப் பக்கம் போனாள். கதவு ஒருக்களித்திருந்தது.

உள்ளே அவர் காக்கிச் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தார். கையில் ஆட்டோ சாவி.

“தொண்டை கட்டிக்கப் போகுது பிச்சைமுத்து அண்ணே. சவாரியை விட்டுட்டு எத்தனை பேருக்குத்தான் இப்படி அழுவீங்க?” ரஞ்சனி சிரித்துக்கொண்டே கேட்டாள்.

“எனக்கு அன்னைக்கு அழ ஆள் இல்லையேம்மா. பயந்து ஓடி, ஒரு வருஷம் கழிச்சுல்ல படம் எடுத்தேன். இன்னும் வைத்தியம் முடியல. அதை விடு, நாளைக்கு வர்றவரு எந்த ஊர்க்காரரு?”

“முசிறிண்ணே.”

“அப்ப நாளைக்கு நான் தொட்டியத்துக்காரன்.”