லாயத்துக் கதவுக்கு வெளியே

“காலுக்கு லேசர் வைத்தியம் பண்ணணும். அந்த வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது. கறுப்புக் கண்ணாடி ரெண்டுதான் இருக்கு. நீங்க வெளியவே நில்லுங்க.”

குதிரை டாக்டரம்மா லாயத்துக் கதவைச் சாத்தினார். பந்தயத்தில் காலைச் சுளுக்கிக்கொண்ட குதிரையைப் பிடித்துக்கொள்ள, அதன் முதலாளியின் மனைவி ஏற்கெனவே உள்ளே போயிருந்தாள்.

முதலாளி கதவில் காதை வைத்தார். “டாக்டர், எப்படி இருக்கா?”

“முட்டி வீங்கியிருக்கு. ரொம்ப நாள் வலி. கவனிக்காம விட்டுட்டீங்களே!”

“ஐயோ, என் ராஜாத்தி! வாயில்லா ஜீவனாச்சே, சொல்லத் தெரியலையே!”

“ஒரு மாசத்துக்கு எந்த வேலையும் வாங்கக் கூடாது.”

“எவனாவது வாங்கட்டும், தோலை உரிச்சுடுறேன்!”

“வேளாவேளைக்குச் சாப்பாடு?”

“நானே என் கையால ஊட்டிவிடுறேன். தினமும் காலும் பிடிச்சுவிடுறேன். சத்தியமா!”

கதவு திறந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியபடி, முட்டியில் கையை ஊன்றிக்கொண்டு மனைவி வெளியே வந்தாள். பின்னால் குதிரை நிம்மதியாகப் புல் மென்றுகொண்டிருந்தது.

“குதிரைக்கு அப்பவே முடிஞ்சுது. இவ்வளவு நேரம் இவங்களுக்குத்தான் பார்த்தேன்” என்றார் டாக்டரம்மா.

முதலாளியின் முகம் தொங்கிவிட்டது.

“நான் குதிரைன்னு நினைச்சுல்ல சத்தியம் பண்ணேன்!”

“தெரியும்” என்றாள் மனைவி. “அதான் நானும் வாயில்லா ஜீவனாவே இருந்துட்டேன்.”