பாதி வாளி ரசம்

அண்ணன் இலையின் மேல் கையை விரித்து மறைத்தார்.

வேண்டாம் என்று அர்த்தம். ரசமா, பரிமாற வந்த தம்பியா என்று கேட்கத் தேவையில்லை.

அவன் நகரவில்லை. கரண்டி நடுங்கியது. பயத்தால் இல்லை, வருஷக்கணக்காக விழுங்குகிற மாத்திரையால். அதற்காகவே சமையல் மாஸ்டர் அவன் வாளியைப் பாதிதான் நிரப்புவார். நிரப்பிவிட்டு வேறு ஏதாவது பேசுவார். நல்ல மனுஷன்.

கூட்டம் உனக்கு ஒத்துக்கொள்ளாது, கல்யாணத்துக்கு வராதே என்று போன வாரம்தான் அண்ணன் பக்குவமாகச் சொல்லியிருந்தார். சொந்த மகள் கல்யாணம். இப்படியொரு தம்பி இருப்பதே சம்பந்தி வீட்டுக்குத் தெரியாது. மனச்சிதைவு என்ற வார்த்தை வீட்டில் யார் வாயிலும் வராது.

கூட்டம் ஒத்துக்கொள்ளாதாம். முகூர்த்த நாள் தவறாமல் பந்தி பரிமாறுகிறவனுக்கு!

அவன் எங்கோ பாத்திரம் கழுவுகிறான் என்றுதான் அண்ணன் நினைத்திருந்தார். கேட்டால்தானே சொல்வதற்கு.

இது யார் வீட்டுக் கல்யாணம் என்று தெரிந்ததும், லீவு வேண்டுமா என்று மாஸ்டர் கேட்டார். வேண்டாம் என்றான்.

காதுக்குள் அந்தப் பழைய குரல் ஆரம்பித்தது.

எல்லாரும் உன்னையே பார்க்கிறார்கள்.

இன்றைக்கு அது பொய் சொல்லவில்லை. வரிசையே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பார்க்கட்டும்.

உள்ளே போய் உட்கார், சாப்பாடு அனுப்புகிறேன் என்று அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். ரசம் வாளியோடு நிற்பவனுக்குச் சாப்பாடு அனுப்புகிறாராம்.

பக்கத்து இலையில் சம்பந்தி. சோற்றில் குழி பறித்துக் காத்திருந்தவர் நிமிர்ந்து, யார் இவர், தெரிந்தவரா என்று அண்ணனைக் கேட்டார்.

அண்ணன் இடக்கையால் தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தார்.

"பொண்ணோட சித்தப்பாங்க," என்றான் அவன். "இங்க வேலை பாக்குறேன். ரசம் ஊத்தட்டுங்களா?"

சம்பந்தி அவனையும் அண்ணனையும் பார்த்தார். பிறகு இலையை அவன் பக்கம் நகர்த்தினார்.

ஊற்றினான். மேஜையில் கொஞ்சம் சிந்தியது. இடுப்பில் செருகியிருந்த துண்டை எடுத்துத் துடைத்தான்.

அடுத்த இலைக்குப் போகவில்லை. வரிசையில் ஆளை விட்டுவிட்டுப் போகிற பழக்கம் அவனுக்குக் கிடையாது.

மறுபடியும் அண்ணன் முன்னால் வந்து நின்றான்.

அந்தக் கை இன்னும் இலைமேல்தான் இருந்தது. இப்போது அதுவும் நடுங்கியது.

அவன் கரண்டியை நிரப்பிக்கொண்டு காத்திருந்தான்.