புள்ளிகள் அடங்கிய வாரம்

"இது பொய்க் கணக்கு. எடையே போடாம உட்கார்ந்த இடத்துலயே புள்ளி வெச்சிருக்கா. ஸ்தோய்காவை இன்னிக்கே அனுப்பிடு."

முதலாளி மாலினோவ், ஆலையில் தரம் பார்க்கும் கலினாவின் மேசையில் எடை வரைபடத்தை வீசினார். சோசோபோல் என்ற கடற்கரை ஊரில் ஒரு வாரம் கடலில் குளித்துவிட்டு அன்றுதான் திரும்பியிருந்தார். மூக்கு தோலுரிந்துகொண்டிருந்தது.

ஆலையில் பாட்டில்களில் லூதெனித்சா நிரப்புகிறார்கள். சுட்ட குடைமிளகாயும் தக்காளியும் அரைத்த விழுது. ஸ்தோய்கா மணிக்கொரு பாட்டிலை எடை போட்டு, அதை வரைபடத்தில் புள்ளியாக வைப்பாள். வருஷக்கணக்காகத் தாறுமாறாகக் குதித்த புள்ளிகள், முதலாளி இல்லாத அந்த ஒரு வாரம், சரியான எடையைக் காட்டும் நடுக்கோட்டை ஒட்டிச் சமர்த்தாக நின்றன.

"நான் பக்கத்துல நின்னே அடங்காத மெஷின், நான் இல்லாதப்ப அடங்குமா?"

நியாயம்தான். பாட்டிலின் எடை துளி கூடினாலும் குறைந்தாலும் உடனே மெஷினின் குமிழைத் திருகிச் சரிசெய்பவர் அவர். ஊருக்குப் போனாலும் வேறு யாரையும் தொட விடமாட்டார்.

புருஷன் போனபிறகு இந்தச் சம்பளத்தில்தான் ஸ்தோய்காவின் வீட்டில் அடுப்பெரிந்தது.

கலினா கொஞ்சம் அவகாசம் கேட்டாள். தினமும் காலையில் முதலாளியே காசு சுண்டட்டும். தலை விழுந்தால் மெஷினுக்கு வரட்டும், பூ விழுந்தால் மாடியில் தன் அறையிலேயே இருக்கட்டும் என்றாள்.

"நீங்க நிக்கிற நாள்ல யாரும் பொய் எழுத முடியாதில்ல?"

அவருக்கு யோசனை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

ஒரு மாதம் போனது. எல்லோரும் வரைபடத்தின் முன் கூடினார்கள். தலை விழுந்த நாட்களில் புள்ளிகள் குதித்தன. பூ விழுந்த நாட்களில் அடங்கிக் கிடந்தன.

"பாத்தியா? கையும் களவுமா மாட்டிக்கிட்டா."

"மாட்டினது சரிதான் முதலாளி," என்றாள் கலினா. " ஆனா நீங்க மாடியில இருந்த நாள்ல ஸ்தோய்கா அக்காவைப் பெட்டி அடுக்க அனுப்பிட்டேன். எடை போட்டதும் புள்ளி வெச்சதும் நான்."

மாலினோவ் பூ விழுந்த நாட்களின் புள்ளிகளை விரலால் தடவிப் பார்த்தார்.

"எந்த மெஷினும் ஒரு கிராம் ரெண்டு கிராம் ஏறி இறங்கத்தான் செய்யும். விட்டா அதுபாட்டுக்கு நடுவுலயே சுத்தும். நீங்க ஒவ்வொரு கிராமுக்கும் திருகித் திருகித்தான் அது குதிக்குது."

மறுநாள் காலை அவர் மெஷினருகே வந்து நின்றார். ஒரு பாட்டிலின் எடை லேசாகக் குறைந்தது. அவர் கை தானாகக் குமிழுக்குப் போயிற்று.

"கை," என்றாள் ஸ்தோய்கா.

கை கோட்டுப் பைக்குள் போய்விட்டது. மூடி போடும் பெண்கள் மேசையைத் தட்டி ஆரவாரித்தார்கள்.

முதலாளி பக்கத்தில் நிற்கும்போதே, முதல்முறையாக, ஸ்தோய்காவின் புள்ளி நடுக்கோட்டில் விழுந்தது.