காகிதப்பூ வீட்டின் மேல் ஒரு புகார்

“இந்த வீட்டு மேல புகார் வந்திருக்கும்மா. செடிக்குத் திருட்டுத் தண்ணி பாயுதாமே?”

வண்டியை விட்டு இறங்கியதும் குடிநீர்த் துறை அதிகாரி கேட்ட முதல் கேள்வியே இதுதான்.

“கொஞ்சம் சத்தமா சொல்லுங்க சார், எனக்குக் காது மந்தம்” என்றாள் தையல்காரம்மா.

அதிகாரி தெருவுக்கே கேட்கும்படி மறுபடியும் சொன்னார். ஜன்னல்கள் மளமளவென்று திறந்தன. எதிர்வீட்டில் இருந்த குடியிருப்போர் சங்கச் செயலாளர், அந்தத் தெருவையே தன் தலையில் தாங்குவதாக நினைப்பவர், செருப்பைக்கூட மாட்டாமல் ஓடி வந்தார்.

“இதைத்தான் சார் நானும் சொல்லிட்டிருக்கேன்! ஊரே காய்ஞ்சு கிடக்கு. குழாய்ல ஒரு மணி நேரம் தண்ணி வந்தா அதிசயம். எங்க வீட்டுப் புல்லெல்லாம் கருகிப்போச்சு. இந்தம்மா வீட்ல மட்டும் பூவா கொட்டுது! சாயங்காலம் சங்கக் கூட்டம். எல்லாத்தையும் வேரோட பிடுங்கிட்டு சிமென்ட் பூசப்போறோம்.”

தையல்காரம்மாவின் கணவர் அவசரமாக வெளியே வந்தார். “நமக்கெதுக்கு இந்தப் பொல்லாப்பு? பேசாம நாமளே பிடுங்கிடலாம்” என்று அவள் பக்கம் சாய்ந்து சொன்னார். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பார்த்துப் பார்த்து வளர்த்த செடிகள்.

அதிகாரி கூழாங்கற்களைக் காலால் விலக்கினார். காகிதப்பூவுக்கும் அரளிக்கும் அடியில் மெல்லிய குழாய் ஒன்று ஓடியது.

“பாத்தீங்களா! கையும் களவுமா மாட்டிக்கிட்டாங்க!” செயலாளருக்கு வாயெல்லாம் பல்.

குழாயைப் பின்தொடர்ந்து அதிகாரி வீட்டைச் சுற்றிக்கொண்டு போனார். அது வாஷிங் மெஷினின் பின்புறத்தில் போய் முடிந்தது. மீட்டரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

“துணி அலசின தண்ணியாம்மா?”

“என்ன சார்? காதுல விழல.”

அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு முழங்கினார். “இந்த வீட்ல ஒரு சொட்டு குடிதண்ணிகூட செடிக்குப் போகல! புது விதிப்படி தோட்டம்னா இப்படித்தான் இருக்கணும். புல்தரை வெச்சிருக்கிறவங்கதான் அதை எடுத்துட்டு இது மாதிரி மாத்தணும். இந்தச் செடிங்க மேல யாராவது கை வெச்சா, நடவடிக்கை எடுக்க வேண்டிவரும்!”

மாடி ஜன்னலில் யாரோ கை தட்டினார்கள். தெருவிலேயே பெரிய புல்தரை செயலாளருடையது. அவர் அசடு வழிந்துகொண்டே கேட்டார்.

“எனக்கு ஒரு காகிதப்பூக் கிளை கிடைக்குமாம்மா?”

“ரெண்டாவே வெட்டிக்குங்க அண்ணே” என்று சிரித்துவிட்டு அவள் உள்ளே போனாள். அன்றைக்கு அவள் நடையே ஒரு மிடுக்காக இருந்தது.

வண்டி தெருமுனை திரும்பும் வரை வாசலில் நின்ற கணவருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. “புகார் கொடுத்த புண்ணியவான் வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்” என்று தனக்குள் முணுமுணுத்தார்.

சமையலறையில் இருந்தவளுக்கு அது துல்லியமாகக் கேட்டது.

“டப்பா மேல்தட்டுல இருக்கு, எடுத்துட்டு வாங்க! ‘நான் திருடலைன்னு வந்து பாத்துத் தெருவுக்குச் சொல்லுங்க’ன்னு எத்தனை தடவை போன்ல கெஞ்சினேன். புகார் இருந்தாத்தான் வருவோம்னுட்டாங்க. அதான் நேத்து நானே என் மேல ஒண்ணு கொடுத்தேன்” என்று சொல்லி, சர்க்கரைக்காக வாயைத் திறந்து காட்டினாள்.