புதுக் கரண்டி

தையல்காரர் தூக்குவாளியின் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற டீச்சரிடம் ஏதோ கிசுகிசுத்தார். டீச்சரும் தன் பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

கடை வாசல் வரிசை மட்டுமே தெரியும் சமையல்கட்டின் சின்ன ஜன்னல் வழியே இதைப் பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை சட்டென்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். போச்சு, கண்டுபிடித்துவிட்டார்கள்!

தலை முக்கால்வாசி நரைத்தாயிற்று. ஆனாலும் மாமனார் ஆரம்பித்த கடை என்பதால் தெருவுக்கே அவர் இன்னும் மாப்பிள்ளைதான். அவர் பின்கட்டில் அடுப்போடு மல்லுக்கட்டுவார். மனைவி முன்பக்கம் நின்று, ஆட்கள் கொண்டுவரும் பாத்திரத்தில் கறிக்குழம்பு ஊற்றிக் கொடுப்பாள். ஆளுக்கு ஒரு கரண்டி, எல்லாருக்கும் ஒரே விலை. மாமனார் காலத்திலிருந்து அதுதான் வழக்கம்.

கறி விலை ஏறியது, எண்ணெய் விலை ஏறியது, கேஸ் விலையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். போன மாதம் வரிசையில் நின்றவர்களிடம் மெதுவாகப் பேச்சை எடுத்துப் பார்த்தார்.

"விலையை மட்டும் ஏத்திப் பாருங்க மாப்பிள்ளை, அப்புறம் இந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டோம்" என்று தையல்காரர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள்.

ஏற்றினால் கூட்டம் போய்விடும். ஏற்றாவிட்டால் கடையே போய்விடும். மனுஷன் என்னதான் செய்வார்? ஒருநாள் காலையில் மாமனாரின் பழைய கரண்டியைப் பரண்மேல் ஒளித்துவைத்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிவந்தார். பழையதில் பிடிப்பதில் முக்கால் பங்குதான் இதில் பிடிக்கும்.

மனைவியிடம் உண்மையைச் சொல்ல முடியுமா? அப்பா கடையில் அளவைக் குறைப்பதா என்று ஊரைக் கூட்டிவிடுவாள். "பழசு கைப்பிடி கழண்டுபோச்சு" என்று வாய் கூசாமல் புளுகினார்.

அவள் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னங்க இது, குழந்தைக்கு மருந்து ஊத்துற மாதிரி இருக்கு?"

"அவசரத்துக்கு வேற கிடைக்கல."

"சரி விடுங்க, நான் பாத்துக்கறேன்."

அன்றோடு தொலைந்தது மாப்பிள்ளையின் நிம்மதி. வெங்காயம் நறுக்கும்போதும் கண் ஜன்னலுக்கே ஓடியது. வரிசையில் யாராவது சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றியது. யாரும் சிரிக்காவிட்டால் அதைவிட மோசம்.

"ஏங்க, கொஞ்ச நாளா பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்களே?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல, உப்பு கூடிப்போச்சோன்னு பாத்தேன்."

மனசு குறுகுறுத்ததில், குழம்பில் தண்ணீரையாவது குறைப்போம் என்று கெட்டியாக வைத்தார். அதற்கும் அவர் காசுதான் போனது. பாவத்தையும் பண்ணிவிட்டுப் பரிகாரமும் தேடினால் கட்டுப்படியாகுமா?

வரிசை வேறு நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போனது. இதுவரை பார்த்திராத முகங்களெல்லாம் வந்து நின்றன. சண்டைக்குத்தான் ஆள் சேர்க்கிறார்கள் என்று அவருக்கு உள்ளுக்குள் உதறல். இத்தனை கூட்டத்துக்கும் லாபம் என்று ஒரு சல்லிக்காசு மிஞ்சக் காணோம். மதியத்துக்குள் அண்டா துடைத்துவைத்த மாதிரி காலியாகிவிடுகிறது. கூட்டம் கூடினால் குழம்பு தீரத்தானே செய்யும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார்.

இன்றைக்குத் தையல்காரரும் டீச்சரும் வாங்கியதோடு வீட்டுக்குப் போகவில்லை. சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு நேராகப் பின்கதவுக்கே வந்துவிட்டார்கள்.

"மாப்பிள்ளை, கொஞ்சம் வெளிய வாங்க. ஒரு விஷயம் பேசணும்."

கையிலிருந்த அண்டா மூடி நழுவி, தரையில் உருண்டு, அத்தனை சத்தம் போட்டது. "என்ன... என்ன விஷயம்?"

"நாங்க எல்லாரும் பேசிட்டோம். நீங்க விலையை ஏத்திக்கங்க" என்றார் தையல்காரர்.

"என்னது?"

"பின்ன என்னங்க? இப்படி ஊத்திக் கொடுத்துட்டு அதே விலையை வாங்கினா நல்லாவா இருக்கு? பாத்திரத்தைத் திறந்தா எங்களுக்கே ஒரு மாதிரி இருக்கு" என்றார் டீச்சர்.

இருவரும் போய்விட்டார்கள். மாப்பிள்ளைக்குக் காது இரண்டும் எரிந்தது. நாலு அடி அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இப்படி வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதைத் தாங்க முடியவில்லை. எத்தனை வருஷமாக அப்பனும் மகளும் கட்டிக்காத்த பேர்! ஒரே கரண்டியில் கவிழ்த்துவிட்டாயே, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு முன்பக்கம் ஓடினார்.

மனைவி காலி அண்டாவைக் கவிழ்த்துவிட்டுக் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இங்க பாரு, உன்கிட்ட பொய் சொல்லிட்டேன். பழைய கரண்டிக்கு ஒரு கேடும் இல்ல, பரண்மேலதான் இருக்கு. விலையை ஏத்தப் பயந்துகிட்டு, அளவைக் குறைக்கலாம்னு நான்தான் சின்னதா வாங்கிட்டு வந்தேன். எல்லாரும் கண்டுபிடிச்சுட்டாங்க. பின்கதவுக்கே வந்து குத்திக் காட்டிட்டுப் போறாங்க. உங்கப்பா பேரைக் கெடுத்துட்டேன்!"

அவள் கழுவுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். கோபப்படுவதா, சிரிப்பதா என்று அவளுக்கே தெரியவில்லை.

"அட கடவுளே, கரண்டி சின்னதாப் போச்சேன்னு நான் இத்தனை நாளா ஆளுக்கு ரெண்டு ஊத்திக்கிட்டிருக்கேன்!"