நிராகரிப்புக்குக் காரணம்

"இன்னாம்மா இது? யோசனைப் பெட்டியத் தொறந்தா உள்ள கதை கீதுன்றாங்க! நீ வேலை செய்ய வந்தியா, கதை எழுத வந்தியா?"

ஷிப்ட் தொடங்கும் முன் நடக்கும் மீட்டிங். நாற்பது பேர் வரிசையாக நிற்க, சூப்பர்வைசர் செல்வநாதன் ஆறு தாள்களைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார். இசக்கிசெல்விக்குக் காது மடல்வரை சுட்டது.

தப்பு என்னவோ அவளுடையதுதான். ஒரகடத்திலுள்ள அந்த கார் சீட் கம்பெனியில், வேலையைச் சுலபமாக்க மாதம் ஆளுக்கொரு யோசனை எழுதி கேன்டீன் வாசல் பெட்டியில் போட வேண்டும். அதற்கான படிவங்கள் அங்கேயே கட்டுக்கட்டாகக் கிடக்கும். முன்பக்கம்தான் அச்சு, பின்பக்கம் வெள்ளை வெளேரென்று வா வா என்று கூப்பிடும். அதில்தான் இவள் கதை எழுதுவாள். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாதே! நேற்று பஸ்ஸைப் பிடிக்கிற ஓட்டத்தில், கதையைப் பெட்டியில் போட்டுவிட்டு, யோசனையைப் பத்திரமாக ரூமுக்குக் கொண்டு போய்விட்டாள்.

"தெரியாம மாத்திப் போட்டுட்டேன் சார். குடுத்துருங்க. வேற காப்பி கிடையாது."

"பெட்டில போட்டது சும்மா திரும்பி வராது. முழுசாப் பாத்து, ஏத்துக்கினமா இல்லியா, இல்லன்னா இன்னா காரணம்னு எழுதித்தான் குடுக்கணும். ரூல்னா ரூல்."

"கதைக்கு எதுக்கு சார் ரூலு?"

"லைனுக்குப் போ."

வரிசை முழுக்கச் சிரிப்பு.

இதுவரை பதினோரு கதைகளைப் பத்திரிகைகளுக்கு அனுப்பியிருந்தாள். ஏழுக்குப் பதிலே இல்லை. நான்குக்கு, 'பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்.' ஏன் இயலவில்லை என்று ஒரு புண்ணியவானும் சொன்னதில்லை. பன்னிரண்டாவதும் இப்படியே போனால் பேனாவை மூடிவிடுவது என்று சங்கரன்கோவிலில் இருக்கும் அம்மாவுக்கு போன் போட்டே சொல்லியிருந்தாள்.

"நல்லதாப் போச்சு. கண்ணாச்சும் பொழைக்கும்" என்றாள் அம்மா.

அந்தப் பன்னிரண்டாவதுதான் இப்போது செல்வநாதன் கையில் சிக்கிக்கொண்டது.

"வேணும்னே செய்யுதாரு" என்றாள், இருங்காட்டுக்கோட்டையில் அவளோடு ரூமில் தங்கியிருக்கும் ஜோவிதா. "அத்தனை பேரு முன்னாடி அசிங்கப்படுத்தினது பத்தலையாக்கும்?"

"கதைன்னா கிலோ என்ன வெலைன்னு கேக்குற மனுசன். அவருகிட்டப் போயி மாட்டிக்கிட்டேன் பாரு!"

நாலு நாள் பொறுத்தாள். ஐந்தாம் நாள் நேராக அவர் மேஜை முன் போய் நின்றாள்.

"சார், அந்தப் பேப்பரு..."

"பாத்துக்கினு கீறோம்."

"இல்லன்னா கிழிச்சே போட்டுருங்க சார். நான் இனிமே எழுதப் போறதில்ல."

செல்வநாதன் நிமிர்ந்து அவளை ஒரு பார்வை பார்த்தார்.

"இன்னும் முடியல" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார்.

இவளுக்கு அழுகையாக வந்தது. இந்த ஆள் முன்னால் அழுவதா என்று லைனுக்குத் திரும்பிவிட்டாள்.

மறுநாள் ஷிப்ட் முடிகிற நேரத்தில் தாள்கள் வந்தன. முதல் தாளில் சிவப்பு முத்திரை: 'நிராகரிக்கப்பட்டது.'

ஆக, பன்னிரண்டு. கணக்கு முடிந்தது என்று மடிக்கப் போனவள், கீழே பார்த்தாள். 'நிராகரிப்புக்குக் காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. எல்லோருக்கும் அதில் 'செலவு அதிகம்' என்று ஒரு வரி வரும். இவள் தாளில் கட்டம் நிரம்பி, ஓரத்திலும் ஏறி, பொடிப்பொடியாக இங்கிலீஷ் எழுத்து. நிறுத்தி நிறுத்தி அர்த்தம் பண்ணிக்கொண்டாள்.

'நாலு கம்பெனியில் வேலை இல்லை என்று விரட்டப்பட்ட பெண், ஐந்தாவது கம்பெனி கேட் வரை வந்துவிட்டு, உள்ளே போய்க் கேட்காமல் ஊருக்கு பஸ் ஏறுகிறாள். அதுவரை அவ்வளவு தைரியமாக இருந்தவள் இப்படிச் செய்வாளா? முதல் ஐந்து பக்கமும் நிஜம். கடைசிப் பக்கம் பொய். திருத்தி மறுபடி கொடுக்கவும்.'

இரண்டாம் தடவை படித்தபோது எழுத்தெல்லாம் கலங்கியது. பன்னிரண்டு கதையில் முதல் முறையாக ஒருவர் காரணம் சொல்லியிருக்கிறார்! அதுவும் சரியான காரணம். அந்தக் கடைசிப் பக்கத்தை எழுதும்போதே அவளுக்கு மனசு ஒப்பவில்லைதான்.

கேன்டீன் வாசலுக்கு வந்ததும் கட்டிலிருந்து நாலு புதுப் படிவங்களை உருவிக்கொண்டாள். பேனாவை மூடுகிற பேச்சு போன இடம் தெரியவில்லை. ஆனாலும் வீம்பு விடுமா? அங்கே தரையைத் துடைத்துக்கொண்டிருந்த கிளியம்மாளிடம் அந்தத் தாளை நீட்டினாள்.

"பாருங்கக்கா, தமிழ்க் கதைக்கு இங்கிலீஷ்ல காரணம்! தமிழ்ல எழுதியிருந்தா கொறஞ்சா போயிருவாரு? இதுலயும் ஒரு பந்தா."

கிளியம்மாள் துடைப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

"பந்தாவா? அவரு கோலார் பக்கம் பொறந்து வளந்தவரும்மா. தமிழு பேசறதோட சரி, ஒரெழுத்து படிக்கத் தெரியாது. ஆறு நாளா டீ கூடக் குடிக்காம, நான் எழுத்துக்கூட்டிப் படிக்கப் படிக்க, எதிர்ல ஒக்காந்து கேட்டுக்கினு இருந்தாரு!"